டிரையருக்குப் பின்னால் ஒரு குழாய்

துணி காய ஒரு குழாய் வேண்டும், அந்தக் குழாய்க்கு ஒரு சட்டம் உண்டு, அதைச் சுத்தம் செய்வதற்கென்றே தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் மதுரைப் பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள். மொட்டை மாடியும் நாலு கிளிப்பும் இருந்தால் முடிகிற காரியம் அது. அமெரிக்கப் புறநகர்களில் கொல்லையில் கொடி கட்டினால், பல இடங்களில் குடியிருப்புச் சங்கத்திடமிருந்து கடிதம் வரும். தெருவின் அழகு கெடுகிறதாம். கலிபோர்னியா, புளோரிடா போன்ற மாநிலங்கள், வீட்டுக்காரர் தன் துணியைத் தன் கொல்லையில் காயப்போடலாம் என்று சட்டமே போட வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு டிரையரே கதி.

டிரையர் செய்வது எளிய வேலை. சூடான காற்றைத் துணிக்குள் செலுத்தி, ஈரத்தையும் பஞ்சுத் தூசியையும் நாலு அங்குலக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. வடிகட்டியில் சிக்காத பஞ்சு குழாயில் படியும். படியப் படியக் காற்றோட்டம் குறையும், காற்று குறையக் குறையச் சூடு ஏறும். பஞ்சு பற்றிக்கொள்ள அதற்கு மேல் அதிகம் தேவையில்லை. 2008 முதல் 2010 வரையிலான விவரங்களை வைத்து அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் போட்ட கணக்குப்படி, வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள். ஐந்து பேர் உயிரிழப்பு, நூறு பேருக்குக் காயம், 3.5 கோடி டாலர் சேதம். காரணங்களில் முதலிடம், 34 சதவீதத்துடன், சுத்தம் செய்யாமல் விட்டதற்கு.

நியூஜெர்சியின் எடிசன் நகரில் வசிக்கும் ஒரு சாப்ட்வேர்காரருக்கு இந்தப் புள்ளிவிவரமெல்லாம் தெரியாது. ஜீன்ஸை இரண்டு தடவை ஓட்டியும் இடுப்புப்பட்டி ஈரமாகவே இருப்பது மட்டும் தெரிந்தது. குழாய் அடைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

“என்னங்க, ஒரு ஆளை வரச்சொல்லிடுங்களேன்” என்றார் மனைவி.

விசாரித்ததில் நூற்றைம்பது டாலர் என்றார்கள். அவர் உடனே அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தார். கிரீன் கார்டு வந்தாலும் போகாத வியாதி இது. நாற்பத்தொன்பது டாலருக்கே செய்கிறோம் என்றும் விளம்பரம் உண்டு. அப்படி வருகிறவர்களில் சிலர், வீட்டுக்குள் கால் வைத்த பிறகு கூரைக்குத் தனி, வளைவுக்குத் தனி, பறவைக்கூட்டுக்குத் தனி என்று விலைப்பட்டியலை விரிப்பார்கள். இந்தத் தொழிலில் நல்ல ஆளும் உண்டு, வழிப்பறியும் உண்டு. ஆகவே நாமே செய்துகொள்வோம் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை ஹார்டுவேர் கடையில் அவர் வாங்கியவை: டிரில்லில் மாட்டிச் சுழற்றும் நீளத் தூரிகை, அதைச் சுழற்ற ஒரு டிரில், அலுமினியக் குழாய், கிளாம்ப், நெற்றியில் கட்டும் விளக்கு, தொழிலாளி போன்ற தோற்றத்துக்காக முழங்கால் கவசம். பில் நூற்றைம்பதைத் தாண்டியது. ‘இதெல்லாம் ஆயுசுக்கும் ஆகும்’ என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டார். அமெரிக்கக் கராஜ்களில் கார் நிற்க இடமில்லாமல் போனதற்கு இந்த ஒரு வாக்கியமே முக்கியக் காரணம்.

டிரையரின் பிளக்கைப் பிடுங்கி முன்னால் இழுத்தபோது ஒற்றை சாக்ஸ்கள், சில்லறைக் காசுகள், ஒரு ஹேர்கிளிப் எல்லாம் வெளியே வந்தன. அவற்றுக்குப் பின்னால், கல்யாணப் பந்தியில் இரண்டு பெருத்த மாமாக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர் மாதிரி, வெள்ளை பிளாஸ்டிக் சுருள் குழாய் ஒன்று சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையில் நசுங்கிக் கிடந்தது. விரலால் நிமிண்டியதும் சாம்பல் நிறப் பஞ்சு பாய்போல உரிந்து வந்தது. பழைய வீடுகளில் இந்த வெள்ளைக் குழாய் இன்னும் இருக்கிறது. அது தீப்பிடிக்கும், இன்றைய விதிகள் அனுமதிப்பதில்லை. அதற்குப் பதில் யூஎல் 2158ஏ முத்திரையுள்ள உலோகக் குழாய் போட வேண்டும். எட்டடிக்கு மிகாமல் ஒரே துண்டாக, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும்.

இந்த வேலையை அவர் அழகாகவே செய்தார். இரண்டு கிளாம்ப், ஒரு ஸ்க்ரூடிரைவர், அரை மணி நேரம். இதற்குப் போய் ஆள் கூப்பிடுவது வீண் செலவு. ஒன்று மட்டும்: டிரையர் கேஸில் ஓடுவதாக இருந்தால் இழுக்கிற இழுப்பில் கேஸ் இணைப்பு அசையலாம், குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கலாம். அவருடையது மின்சார டிரையர். அந்த விதத்தில் அதிர்ஷ்டசாலி.

இணைப்பை மூட அவர் கையிலெடுத்தது வெள்ளி நிற டக்ட் டேப். பெயரிலேயே டக்ட் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்? லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் மாக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர் இருவரும் 1998இல் பலவகை நாடாக்களையும் பசைகளையும் குழாய் இணைப்புகளில் ஒட்டி, சூட்டில் வைத்துச் சோதித்தார்கள். மற்றவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன; துணியில் பசை தடவிய டக்ட் டேப்தான் மோசமாகத் தோற்றது. உலகத்தில் எதை வேண்டுமானாலும் அதால் ஒட்டலாம், டக்டை மட்டும் கூடாது. டிரையர் குழாய்க்கு ஏற்றது அலுமினியத் தகட்டு டேப். ஸ்க்ரூ போட்டாலும் அது உள்ளே கால் அங்குலத்தில் பாதிக்கு மேல் நீட்டக் கூடாது. நீட்டினால் பஞ்சு அதைப் பிடித்துக்கொண்டு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் புதுத் தூரிகை கையில் இருக்கும்போது யார் நிறுத்துவார்கள்? சுவருக்குள் போகும் குழாயில் அதை விட்டார். அதன் கம்புகள் ஒன்றுக்குள் ஒன்று மரையால் திருகப்பட்டவை. டிரில் வலச்சுற்றாக மட்டுமே ஓட வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வளைவில் தூரிகை சிக்கியதும், கார் ஓட்டுகிறவரின் இயல்பான அறிவோடு, ரிவர்ஸ் போட்டார். கம்பு கையோடு வந்தது. தூரிகைத் தலை சுவருக்குள் தங்கிவிட்டது.

“சத்தம் நின்னுபோச்சே, முடிஞ்சிருச்சாங்க?” என்று கீழேயிருந்து குரல்.

“ஏறக்குறைய” என்றார்.

திங்கட்கிழமை ஆள் வந்தார். அமெரிக்கப் புகைபோக்கிப் பாதுகாப்பு நிறுவனம் டிரையர் குழாய்க்காகவே ஒரு சான்றிதழ் தருகிறது. அது அவரிடம் இருந்தது. முதலில் அவர் தூரிகையைத் தேடவில்லை. அளவுநாடாவை எடுத்தார். பல மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் ஐஆர்சி என்ற கட்டட விதிப்படி (பெயரில்தான் சர்வதேசம், புழக்கம் பெரும்பாலும் அமெரிக்காவில்) குழாயின் நீளம் 35 அடிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் அதில் ஐந்தடி கழியும், 45 டிகிரி வளைவுக்கு இரண்டரை. டிரையர் தயாரித்தவர் தன் கையேட்டில் வேறு நீளம் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றலாம். இந்த வீட்டில் குழாய் அட்டிக் வழியாகக் கூரைக்கு ஏறியது: 22 அடி, மூன்று எல்போ. கணக்கில் 37. கையேட்டிலும் இதற்கு இடமில்லை. இத்தனை வருஷமும் அடைத்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல, வீட்டைக் கட்டியவரின் ஜியோமிதியும்தான். இதை எந்தத் தூரிகையும் சரிசெய்யாது.

கூரையில் இன்னொன்று காத்திருந்தது. பறவை வராமலிருக்க யாரோ கம்பிவலை அடித்திருந்தார்கள். அதில் பஞ்சு கம்பளியாகப் படிந்திருந்தது. வலை கூடாது, காற்றடித்தால் திறந்து நின்றால் மூடும் தடுப்பு போதும் என்பதே விதி. வலையின் ஒரு மூலை பிய்ந்த இடத்தில், அதையும் மீறி, ஸ்டார்லிங் ஒன்று பழைய கூடு வைத்துவிட்டுப் போயிருந்தது. யூஜின் ஷீஃப்லின் என்ற நியூயார்க் கனவான் 1890இல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த அறுபது ஸ்டார்லிங்குகளை சென்ட்ரல் பார்க்கில் பறக்கவிட்டார். அந்த இனம் அமெரிக்கா முழுக்கப் பரவி, டிரையர் குழாய் வரை வந்துவிட்டது. அதன் கூட்டை எடுக்கத் தடையில்லை. முட்டையோடு உள்நாட்டுப் பறவை ஏதாவது இருந்திருந்தால் 1918ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் சட்டம் குறுக்கே வந்திருக்கும். அப்போது டிரில்லும் ஏணியும் வைத்திருப்பவரால் என்ன செய்ய முடியும்?

கடைசியில் சுவரின் ஜிப்சம் பலகையை ஓரிடத்தில் வெட்டி, தூரிகைத் தலையை மீட்டு, கூரைப் பாதையை மூடி, பக்கச் சுவர் வழியாகப் புதுக் குழாய் போடப்பட்டது. ஒன்பதடி, ஒரே எல்போ, ஜன்னலிலிருந்து மூன்றடிக்கு மேல் தள்ளி வாய். இந்த வேலைக்கு பர்மிட் வேண்டுமா என்று முனிசிபாலிட்டியில் கேட்டதும் வந்தவர்தான். பில் எவ்வளவு என்பதை நம் கதாநாயகர் மனைவியிடம்கூட ரூபாயில் சொல்லவில்லை.

குழாயே வேண்டாத ஹீட் பம்ப் டிரையரும் கடைகளில் இருக்கிறது, மின்சாரமும் குறைவு, ஆனால் காய நேரமெடுக்கும் என்று வந்தவர் போகிறபோக்கில் சொன்னார். “குழாயே இல்லேன்னா இவருக்கு சனிக்கிழமை எப்படிங்க போகும்?” என்று மனைவி தமிழிலேயே பதில் சொல்லிவிட்டார்.

ஜீன்ஸ் இப்போது ஒரே ஓட்டில் காய்கிறது. பிறந்தநாள் விருந்துக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பக்கவாட்டுச் சுவரைச் சுற்றிப் போய், டிரையர் காற்று வரும் மூடி அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். போன மாதம் அப்படி ஒரு வீட்டில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். வந்த அதிகாரியிடம் இவர் 35 அடிக் கணக்கை முதலிலிருந்து விளக்கியிருக்கிறார். அதிகாரி குறிப்பேட்டை மூடிவிட்டு, ‘எங்க வீட்டிலயும் டவல் காயறதில்லை சார், வாரக் கடைசியில வந்து பாக்கறீங்களா?’ என்ற பொருளில் கேட்டாராம்.