கேரட்டுக்கு ஷாக் ட்ரீட்மென்ட்

கேள்வி: கேரட்டுக்குக் கரண்ட் ஷாக் கொடுத்தால் ஜூஸ் கூடுதலாக வருமாமே! நிஜமா, கதையா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: நிஜம்தான். கேரட்டின் சாறு செல்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. மிக்ஸி அடிக்கிற அடியில் எல்லா செல்லும் உடைவதில்லை. தப்பித்தவை சாற்றோடு சக்கைக்குப் போய்விடும். இங்கேதான் கரண்ட் கைகொடுக்கிறது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே காயை வைத்து, சென்டிமீட்டருக்குச் சுமார் 1,000 வோல்ட் வீதம், கண் இமைப்பதற்குள் ஆயிரம் முறை முடிந்துவிடக்கூடிய குட்டிக் குட்டித் துடிப்புகளாகச் செலுத்துவார்கள். செல்லைப் போர்த்திய சவ்வு ஏறக்குறைய 1 வோல்ட்டுக்கே நொந்துபோகிற ஜாதி. பொத்தல் பொத்தலாகிவிடும். பிறகு பிழிந்தால் சாறு தாராளம். காய் அவ்வளவாகச் சூடாவதில்லை என்பதால் நிறமும் மணமும் தப்பிக்கின்றன.

ஜெர்மானியர்கள் 1960-களிலேயே இதில் இறங்கிவிட்டார்கள். ஆனால் இன்று அதிகம் ஷாக் வாங்குவது கேரட் அல்ல, உருளைக்கிழங்கு! பெரிய சிப்ஸ் ஆலைகளில் வெட்டுவதற்கு முன்பே இந்த வைத்தியம். கிழங்கு இளகி, கத்தி வழுக்கிக்கொண்டு போகும், உடைசல் குறையும்.

ஷாக் வாங்கிய ஜூஸ் கெடாது என்று வெளியே வைத்துவிடாதீர்கள். கிருமியைக் கொல்ல இதைப்போல் 20, 30 மடங்கு வேண்டும். 'வீட்டு பிளக்கிலேயே ஒயர் செருகிப் பார்த்தால் என்ன?' என்று உங்கள் வீட்டுக்காரர் ஆரம்பித்தால், கேரட்டையும் துருவியையும் கையில் கொடுத்து உட்கார வையுங்கள்.