மெட்டுகுடாவில் இருபது அடி: கணினித் தேவர்களை மனிதராக்குவது குறித்து ஓர் ஆய்வு

செகந்தராபாத்தை ஒட்டிய மெட்டுகுடா, ஆராய்ச்சியாளர்கள் அக்கம்பக்கத்தில் குடியிருந்தும் ஆராயப்படாத ஊர். மெட்ரோவின் நீலத் தடத்தில் அடுத்த நிலையம் தார்னாகா. 1918-இல் குன்னூரில் பிறந்து 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஹப்சிகுடாவையும் தாண்டினால் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு நிலையம். ஆக, நாம் என்ன தின்ன வேண்டும் என்பதும் பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதும் ஏற்கெனவே பங்கு பிரிக்கப்பட்டுவிட்டன. இரண்டுக்கும் நடுவில், டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் மனிதனைக் கேட்க நாதியில்லை. ஆய்வேடுகளில் 'ஆய்வு இடைவெளி' என்று ஓர் உட்தலைப்பு வரும். பெரும்பாலும் அது முன்னால் எழுதியவர்களைப் படிக்காமல் விட்டதால் உண்டாகும் இடைவெளி. இங்கே அது நிஜமாகவே இருக்கிறது.

இக்கட்டுரை நிறுவ விரும்புவது ஒன்றே: கணினி முன் அமர்வோர் தேவர்கள். தமயந்தி சுயம்வரத்தில் நளன் உருவெடுத்து வந்து உட்கார்ந்த நான்கு தேவர்களுக்கும் அசல் நளனுக்கும் வேறுபாடு எப்படித் தெரிந்தது என்பதை யாவரும் அறிவர். தேவர்களுக்குக் கண் இமைக்காது, கால் நிலத்தில் தோயாது, மேனி வியர்க்காது, மாலை வாடாது. இனி ஹைடெக் சிட்டி அலுவலகம் ஒன்றை நோக்குக. ஏசி புண்ணியத்தில் வியர்வை கிடையாது. நாற்காலியை மேஜைக்குத் தக்கபடி உயர்த்தியதில் கால் அந்தரத்தில் தொங்குகிறது. கழுத்தில் கிடக்கும் அடையாள அட்டை நாடா காலையில் போட்ட மேனிக்கு ராத்திரி மெட்ரோவில் இறங்கும்போதும் வாடாமல் கிடக்கிறது. எஞ்சியது இமை. 1993-இல் ஜப்பானியர் இருவர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 22 இமைப்பு, புத்தகம் படிக்கையில் 10, கணினித் திரையைப் பார்க்கையில் 7. அந்த ஏழுக்குத் திட்ட விலக்கமும் ஏழு என்று போட்டிருக்கிறார்கள். புள்ளியியல் படித்தவர் இதை ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு என்று சொல்லி நகர்ந்துவிடுவார். ஆழ்ந்து பார்ப்பவருக்கு, ஏழில் ஏழு போனால் பூச்சியம். அதாவது சோதனைக்கு வந்தவர்களில் ஒரு தேவராவது இருந்தார் என்பது விளங்கும்.

தேவர்களுக்குக் கழுத்து வலி வராதே, கண் எரியாதே என்று மறுப்பார் உளர். மேலோட்டமான மறுப்பு. தேவர்களின் கழுத்து வலி பற்றிய செய்தி, பெயர் தெரியாத ஒரு நிகண்டில், கறையான் தின்றுவிட்ட ஏட்டில் இருந்தது. மற்ற ஏடுகளை விட்டுவிட்டு இதையே கறையான் தேர்ந்தெடுத்தது அதன் சிறப்புக்குச் சான்று என்பது அந்நிகண்டின் உரைக்கு விளக்கம் எழுதியவர் கருத்து. அவர் கருத்தை வன்மையாக மறுத்து அவரே புனைபெயரில் எழுதிய கட்டுரை இன்னும் அச்சேறவில்லை. அந்தக் கட்டுரையில் தமக்கு நன்றி சொல்லப்படவில்லை என்று அவர் தமக்கே எழுதிக்கொண்ட கண்டனக் கடிதமும் அப்படியே. இருந்தாலும் அடிக்குறிப்பில் 'காண்க' என்று போட்டுவிட்டால் போதும். காணப் போகிறவர் யாருமில்லை என்ற நம்பிக்கையில்தான் நம் தேசியக் கருத்தரங்க மலர்கள் பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, முந்நூறு பக்கக் கனத்தில், சான்றிதழோடும் மதிய உணவோடும் சேர்ந்து வெளிவருகின்றன.

வலி மட்டும் மெய். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுத்தர்களின் உடம்பு கெடுவதற்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை நேர்ந்துவிடுமோ என்ற மனக்கவலை. முந்நூறு வருடம் கழித்து நம் அலுவலகப் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுவதும் இதைத்தான். மூன்றாவதை மட்டும் விட்டுவிடுவார்கள். அதற்கு அப்ரைசல் என்று பெயர் வைத்து வேறு துறையிடம் கொடுத்தாயிற்று.

நின்றுகொண்டே வேலை பார்த்தால் நோயில்லை என்னும் மரபினரும் உளர். தமிழ்நாட்டில் நாள் முழுக்க நிற்கும் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்கார ஓர் இருக்கை கிடைப்பதற்கு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. கேரளம் 2018-இல் திருத்தியது. அதே காலத்தில் நிற்பதற்கென்றே தனி மேஜையும் விற்பனையில் இருந்தது. இந்த இரு சாராரையும் ஒரே அறையில் சந்திக்கவைப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

உட்கார்ந்தே தீர வேண்டியவருக்குச் சுருக்கமாக. மணிக்கட்டு: மடங்காமல் இருக்கட்டும். பாதம்: தரையில் படட்டும், எட்டாவிட்டால் மணைப்பலகை போடுக. முதுகு: நாற்காலியோடு ஒட்டட்டும்.

இனிக் கண். 1990-களில் கலிஃபோர்னியக் கண் பரிசோதகர் ஜெஃப்ரி ஆன்ஷெல் பரப்பிய சூத்திரம் ஒன்று உலகெங்கும் ஓதப்படுகிறது: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தொலைவில் உள்ள பொருளை, இருபது விநாடி பார். பக்கத்தில் பார்க்கும்போது இறுகும் கண் தசை, இருபது அடிக்கு அப்பால் பார்த்தால் தளர்ந்துவிடும். கண் கடையில் எழுத்துப் பலகையை ஆறு மீட்டரில் மாட்டுவதும் இதே கணக்கில்தான். கலிஃபோர்னியாவில் இருபது அடிக்குப் பஞ்சமில்லை. மெட்டுகுடாவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி ஹால் அமைந்தாலே வாடகைக்கு வருகிறவர் வாயைத் திறக்க மாட்டார். அதை மூலைக்கு மூலை அளந்தாலும் பதினாறு அடி வராது, பிதாகரஸ் சாட்சி. ஆகவே இருபது அடி என்பது வீட்டுக்குள் இல்லை, ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அங்கே இருப்பன மூன்று: சின்டெக்ஸ் தொட்டி, கொடியில் காயும் துணி, எதிர்வீட்டுச் சமையலறை. தொட்டியை எவ்வளவு நாள் பார்க்க முடியும்? எட்டு மணி நேர வேலையில் 24 தடவை, தடவைக்கு 20 விநாடி, ஆக மொத்தம் நாளொன்றுக்கு எட்டு நிமிடம் எதிர்வீட்டுச் சமையலறையை நோக்குகிறவன், தசை தளர்வதற்காக நோக்கினான் என்பதை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் சூத்திரம் சொல்லி விளங்கவைக்க இயலாது. மெயின் ரோட்டு மாடி வீட்டாருக்கு மெட்ரோ பாலம் இருக்கிறதே என்பர். ஓடுகிற ரயிலில் கண் நிலைப்பதில்லை. தவிர, அதில் ஹைடெக் சிட்டிக்குப் போகும் தேவர்களும் தங்கள் இருபது அடிக்கு நம் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

விடை கண் கடையிலேயே இருக்கிறது. நீள அறை இல்லாத கடைக்காரர் எழுத்துப் பலகையை வந்தவர் தலைக்கு மேலே மாட்டி, எதிரே மூன்று மீட்டரில் நிலைக்கண்ணாடி வைத்து ஆறு மீட்டர் ஆக்கிவிடுகிறார். அதே ஒளியியலின்படி, பத்தடியில் கண்ணாடி மாட்டினால் நம் உருவம் நமக்கு இருபது அடியில் தெரியும். இதில் இரட்டைப் பயன். தசை தளரும்; கூன் விழுந்த முதுகு, தொங்கும் கால், வாடாத நாடா, இமைக்காத கண் நான்கையும் தமயந்தி துணையில்லாமல் ஒருவர் தாமே கண்டு தம்மை மனிதராக்கிக்கொள்ளலாம். நாளைக்கு 24 தடவை கண்ணாடி பார்க்கிறவரை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது சமூகவியல் கேள்வி, அதற்கு வேறு துறை உண்டு. எஞ்சியிருக்கும் ஒரே தடை ஆணி. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க ஓனர் சம்மதிக்க மாட்டார். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, ஒப்பந்தத்தில் ஓர் ஆணிக்கு அனுமதி எழுதி வாங்கிக்கொள்க.