போகிறவருக்கு 35, வருகிறவருக்கு 41

2022 ஜூலை 28, வியாழக்கிழமை. சமூக ஊடகம் என்றாலே காத தூரம் ஓடும் செபாஸ்டியன் வெட்டல் அன்றைக்கு இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கினார். நான்கு முறை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன், 53 வெற்றிகள். கடைசியில் மனிதர் வந்துவிட்டாரே என்று ரசிகர்கள் மகிழ்ந்து முடிப்பதற்குள் வீடியோ ஒன்றைப் போட்டார். ஆண்டு முடிவில் ஓய்வு பெறுகிறாராம். வந்ததே போய்வருகிறேன் என்று சொல்லத்தான்.

ஆஸ்டன் மார்ட்டின் அணியில் இரண்டு இருக்கைகள். ஒன்றில் முதலாளி லாரன்ஸ் ஸ்ட்ரோலின் மகன் லான்ஸ் உட்கார்ந்திருந்தார். அந்த இருக்கையின் எதிர்காலம் பற்றி ஆரூடம் சொல்ல எந்த நிபுணரும் தேவைப்படவில்லை. மற்றதற்குத்தான் வரன் தேடும் படலம் தொடங்கியது. அது ஹங்கேரி பந்தய வாரம் வேறு. பேச ஆளும் இருந்தது, வாயும் இருந்தது.

முதலில் அடிபட்ட பெயர்களில் ஒன்று மிக் ஷூமாக்கர். ஜெர்மானியர், வெட்டல் தம்பிபோல் பார்த்துக்கொள்பவர், அப்பா பெயர் மைக்கேல். பத்துக்குப் பத்துப் பொருத்தம். அடுத்தவர் நிகோ ஹல்கன்பெர்க். அந்த ஆண்டு தொடக்கத்தில் வெட்டலுக்குக் கோவிட் வந்தபோது இரண்டு பந்தயங்களை ஓட்டிக் கொடுத்த மாற்று ஓட்டுநர். வெட்டலைவிட ஒன்றரை மாதம் இளையவர். வாரிசு என்றால் இளையவராகத்தானே இருக்க வேண்டும்!

ஃபெர்னாண்டோ அலோன்சோவின் பெயரும் லேசாகக் காதில் விழுந்தது. அவர் அப்போது ஓட்டிய ஆல்பைன் அணியின் தலைவர் ஓட்மர் சாஃப்னாவர் நேரிலேயே கேட்டுவிட்டார். எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று பதில் வந்ததாகப் பின்னர் அவரே சொன்னார்.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 1. ஆஸ்டன் மார்ட்டின் அறிவித்தது: அலோன்சோ வருகிறார். அவருக்கு 41 வயது நிறைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சாஃப்னாவருக்குச் செய்தி உறுதியானது எதிரணியின் பத்திரிகைக் குறிப்பைப் பார்த்துத்தான். தன் ஓட்டுநர் கிரேக்கத் தீவுகள் பக்கம் எங்கோ படகில் இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பழைய கணக்கைப் புரட்டினால் இதில் ஒரு நியாயம்கூடத் தெரியும். 2010இல் அபுதாபியின் கடைசிப் பந்தயத்துக்குப் புள்ளிகளில் முன்னணியோடு வந்த அலோன்சோ, விட்டாலி பெட்ரோவின் காருக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு பட்டத்தை வெட்டலிடம் பறிகொடுத்தார். 2014 முடிவில் அவர் விட்டுப்போன ஃபெராரி இருக்கையிலும் வெட்டலே வந்து உட்கார்ந்தார். இவ்வளவுக்குப் பிறகு ஒரு நாற்காலியையாவது திருப்பி வாங்க வேண்டாமா?

கூத்து அதற்குப் பிறகுதான். காலியான அலோன்சோ இடத்துக்கு ஆல்பைன் மறுநாளே ஆஸ்கர் பியாஸ்ட்ரியை அறிவித்தது. 2021 ஃபார்முலா டூ சாம்பியன், 21 வயது, தாங்களே வளர்த்த பிள்ளை. அறிவிப்பில் எல்லாம் இருந்தது, பியாஸ்ட்ரி சொன்ன ஒரு வாக்கியத்தைத் தவிர. மாப்பிள்ளையைக் கேட்காமல் கல்யாணப் பத்திரிகை அடித்த கதை. சில மணி நேரத்தில் மாப்பிள்ளை ட்விட்டரில் எழுதினார்: அடுத்த ஆண்டுக்காக ஆல்பைனுடன் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை, அவர்களுக்கு ஓட்டப்போவதும் இல்லை. சிமுலேட்டரில் இருந்தபோது விஷயத்தைச் சொன்னதும் பையன் சிரித்தான் என்று வாதாடினார் சாஃப்னாவர். சிரிப்பு கையெழுத்தாகாது.

பியாஸ்ட்ரி எந்த அணிக்கு என்ற வழக்கை செப்டம்பர் 2இல் ஒப்பந்தத் தீர்ப்பாயம் முடித்தது. செல்லுபடியாகும் ஒப்பந்தம் மெக்லாரன் அணியுடன் மட்டும். தேதி ஜூலை 4. அதாவது வெட்டல் இன்ஸ்டாகிராமில் நுழைவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே பியாஸ்ட்ரியின் கையெழுத்து காய்ந்துவிட்டது. ஊகத் திருவிழா முழுவதும் ஒரு பூட்டிய அறைக்கு வெளியே நடந்திருக்கிறது. பாவம் டேனியல் ரிக்கியார்டோ. மெக்லாரனில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். ஜூலை 13 அன்று, அடுத்த ஆண்டு முடியும்வரை இங்கேதான் இருப்பேன் என்று உலகத்துக்கே அறிவித்தும் இருந்தார். ஆகஸ்டில் ஒப்பந்தத்தை ஓராண்டு முன்னதாக முடித்து அனுப்பிவிட்டார்கள்.

ஆல்பைன் பிறகு ஆல்ஃபாடௌரியிலிருந்து பியர் காஸ்லியை அழைத்துக்கொண்டது. காஸ்லியின் இடத்துக்கு நிக் டி வ்ரீஸ் வந்தார். அலெக்ஸ் ஆல்பனுக்குக் குடல்வால் அழற்சி வந்ததால் மோன்ட்ஸாவில் வில்லியம்ஸ் காரை ஒரே ஒரு பந்தயம் ஓட்டி, ஒன்பதாவது வந்து பெயர் வாங்கியவர். ஆல்ஃபாடௌரியில் பத்துப் பந்தயம் முடிந்ததும் அவரையும் எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் யாரை உட்கார வைத்தார்கள் என்கிறீர்கள்? ரிக்கியார்டோவை.

2024 பிப்ரவரியில் லூயிஸ் ஹாமில்டன் மெர்சிடிஸை விட்டு ஃபெராரிக்குப் போகப்போவதாக அறிவித்தபோது ஊகக்காரர்கள் பழைய பாடத்தை மறக்கவில்லை. அனுபவசாலிகளாகத் தேடினார்கள். அலோன்சோ பெயர் வந்தது. ஓய்வுபெற்று ஓராண்டுக்கு மேலாகியிருந்த வெட்டலின் பெயரே வந்தது.

ஆகஸ்ட் 31 அன்று மோன்ட்ஸாவில் மெர்சிடிஸ் அறிவித்த பெயர் கிமி அன்டோனெல்லி. முதல்நாள்தான் அந்த அணியின் காரை முதல் பயிற்சிச் சுற்றில் வாங்கிப் போய்ச் சில நிமிடங்களில் தடுப்பில் மோதியிருந்தார். அவருக்கு 18 வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீட்டிலிருந்து கடைக்குக் காரில் போக வேண்டுமென்றால் அப்போது லைசென்ஸ் இருக்கவில்லை.