காட்டுப்பள்ளி ஷிப்ட் பஸ்ஸில் புளூடூத் கருவிகளின் திணை: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிக்குப் போகும் கம்பெனி பஸ். காலம்: காலை ஷிப்ட், முன்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரம். பஸ் ஓடினால் தூக்கம் வந்துவிடும். நின்றால்தான் ஆராய்ச்சி நடக்கும். கருவி: ஒரு செல்போன், ஒரு கட்டைவிரல். நிதியுதவி: எவரும் தரவில்லை.

உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிய தொல்காப்பியர் புளூடூத்தைப் பார்த்திருந்தால் இன்னும் ஓர் இயல் எழுதியிருப்பார். அவர் விட்டுப்போன வேலையை 1998இல் தொடங்கிய புளூடூத் கூட்டமைப்பு எடுத்துக்கொண்டது.

நடைமுறை இதுதான். தேடச் சொன்னதும் போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் உள்ள 79 தடங்களில் 32இல் மட்டும் தாவித் தாவி ‘யார் இருக்கீங்க?’ என்று கூவும். ஒரு சுற்று வழக்கமாக 10.24 வினாடி. கேட்ட கருவி தன் முகவரியையும் 24 பிட் வகை எண் ஒன்றையும் பதிலாகத் தரும். பழைய முறைப்படி பெயர்கூட அதில் வராது. பெயரைப் பிறகு தனியாகக் கேட்க வேண்டும். குலம் முதலில், பெயர் பிறகு.

24 பிட்டில் கடைசி இரண்டு வடிவத்துக்கு. அடுத்த ஆறு உட்பிரிவு, அதற்கு மேல் ஐந்து பெரும்பிரிவு, மிச்சம் பதினொன்று ‘எனக்கு என்னென்ன தெரியும்’ என்று சொல்ல. ஹெக்ஸ் எண்ணில் 240404 என்று ஒன்று வந்தால், நடுவில் உள்ள 04 ஒலி-ஒளிப் பிரிவு, கடைசி 04 காதில் மாட்டும் ஹெட்செட், முன்னால் உள்ள 24 ‘ஒலி தெரியும், வாங்கி ஒலிக்கவும் தெரியும்’ என்ற தற்பெருமை. 5A020C என்றால் ஸ்மார்ட்போன். அதன் தற்பெருமைப் பட்டியல் இன்னும் நீளம்.

தொழிற்பேட்டை வாசலில் ஹெல்மெட் நிறத்தை வைத்து ஆளை எடைபோடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வெள்ளை என்றால் இன்ஜினியர், மஞ்சள் என்றால் தொழிலாளி. ஆள் யாரென்று நிறம் சொல்லாது. வெள்ளை ஹெல்மெட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தவரையும் அது காட்டிக்கொடுக்காது.

ஹெல்மெட் என்றதும் ஒரு சர்ச்சை. உடுப்பவை என்ற பெரும்பிரிவில் கைக்கடிகாரம், பேஜர், ஜாக்கெட், கண்ணாடி ஆகியவற்றோடு ஹெல்மெட்டுக்கும் தனி எண் உண்டு. எங்கள் பஸ் முழுக்க ஹெல்மெட்தான். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. விளையாட்டுச் சாமான் பிரிவில் பொம்மைக்கு இடம் உண்டு. ஒலி-ஒளிப் பிரிவில் வி.சி.ஆருக்கும் உண்டு. எதிலும் சேராதவற்றுக்கு 31 என்று ஒதுக்கீடே இருக்கிறது. டிபன் கேரியருக்கு மட்டும் இடமில்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

முடிவுகள் சொற்பம். இன்றைய செல்போன்கள் புளூடூத் திரையைத் திறந்து வைத்திருந்தால்தான் பதில் சொல்லும். ஏற்கெனவே இணைந்து பாட்டுப் பாடும் இயர்பட்கள் பெரும்பாலும் அதுவும் சொல்லாது. மீஞ்சூரைத் தாண்டும்போது யார் வீட்டு டி.வி.யோ எட்டிப் பார்த்தது. பின் சீட்டில் பேசாமல் கிடந்த கருப்பு ஸ்பீக்கர் ஒன்று ஹெட்செட் படத்தோடு திரையில் வந்தது. தலையளவு இருந்த அதை யார் காதில் மாட்டுவது? மலிவு சிப்போடு வந்த எண்ணைத் தயாரிப்பாளர் மாற்றாமல் விட்டிருக்கலாம். படத்தைப் போடும் போன் அதைச் சரிபார்ப்பதில்லை, சொன்னதை நம்பிவிடுகிறது.

உண்மை நிலவரம் பிறகுதான் தெரியும். தொடர்பு கொண்டதும் சேவைப் பட்டியலைக் கேட்க வேண்டும். ஸ்பீக்கர் 110B என்ற எண்ணை நீட்டினால் பாட்டு வாங்கும். 111Eயும் இருந்தால் போன் பேசவும் உதவும். 2010இல் வந்த குறைமின் புளூடூத்தில் கேட்பதற்கே காத்திராமல், மூன்று தடங்களில் 31 பைட்டுக்குள் தானே விளம்பரம் செய்துகொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. அதிலும் ‘தோற்றம்’ என்று 16 பிட் எண் உண்டு. அதையும் கருவியே எழுதிக்கொள்ளும், யாரும் கையெழுத்திட்டுச் சான்று தருவதில்லை.

ஆகவே ஷிப்ட் பஸ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தெரியாத கருவி ஒன்று ஹெட்செட் படத்தைக் காட்டி இணையக் கேட்டால், படத்தைப் பார்த்துச் சம்மதிக்காதீர்கள். ரத்து செய்துவிட்டுத் தூங்குங்கள்.