சம்மணத்தில் தோற்ற கதை

சுமோ மல்லர்களின் காலைப் பயிற்சியைப் பார்க்கப் போகிறவனுக்கு ஒரே ஒரு வேலைதான்: வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. டோக்கியோவின் ரியோகொகு வட்டாரத்தில் ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தபோது எனக்கு அதுகூட வரவில்லை.

படிக்காமல் போனேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மல்லர்கள் மோதும் வட்டத்தின் விட்டம் 4.55 மீட்டர், ஜெயிக்கிற உத்திகள் 82 என்று எல்லாம் மனப்பாடம். உட்காரப் பழகிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

மண்தரையைப் பார்த்தாற்போல் திண்ணை உயரத்துக்கு மரத்தளம். அதில் வரிசையாக மெத்தைகள். பேசக் கூடாது, தின்னக் கூடாது, காலை நீட்டி உள்ளங்காலை வட்டத்துக்குக் காட்டவே கூடாது. சம்மணம் போடலாம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை பார்த்துவிட்டு எழுகிற பரம்பரைக்கா இந்தச் சோதனை? ஆனால் ஆபீஸ் நாற்காலியிலேயே காலம் கழித்த முட்டிக்குப் பரம்பரை ஞாபகம் ஒன்றும் இல்லை. கால்மணி நேரத்தில் இடது கால் என்னுடையதாக இல்லை.

எதிரே ஒரு பையன் காலைத் தலைக்கு மேலே தூக்கி, நிதானமாக மண்ணில் இறக்கிக்கொண்டிருந்தான். ஷிகோ. நூற்றுக்கணக்கில் செய்வார்களாம். மூலையில் இன்னொருவன் மரத்தூணை உள்ளங்கையால் மாறிமாறி அறைந்தான். பிறகு ஒருவர் மார்பைக் கொடுத்து நிற்க, இளையவன் முட்டி அவரை எதிர்க்கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். தள்ளி முடித்ததும் அவர் இவனைப் பிடித்து மண்ணில் உருட்டிவிட்டார். எழுந்தான், மறுபடி முட்டினான். முதுகு முழுக்க மண், மூச்சு இரைப்பு. இவ்வளவும் வெறும் வயிற்றில். காலைச் சாப்பாடு கிடையாது. அந்த நிசப்தத்தில் இரைந்தது ஒரே ஒரு வயிறு. வழியில் அரிசி உருண்டை வாங்கித் தின்றுவிட்டு வந்த என் வயிறு.

இருந்ததிலேயே பெரிய உருவமாகப் பார்த்து, சுமோவின் உச்சப் பட்டமான யோகோசுனாவே ஆகப்போகிறவர் என்று முடிவு கட்டி, படமாக எடுத்துத் தள்ளினேன். அவர் கட்டியிருந்தது கறுப்புக் கச்சை. பயிற்சியில் வெள்ளைக் கச்சை மேல் இரண்டு பிரிவினருக்குத்தான். மாதச் சம்பளமும் அவர்களுக்குத்தான். சுமோவில் எடைப் பிரிவே இல்லை என்று படித்தவன், எடையை வைத்து அந்தஸ்தை அளந்தேன். வெள்ளைக் கச்சைக்காரர் சாவகாசமாக வந்தார், ஒப்புநோக்க ஒல்லி. எல்லோரும் குனிந்து வணங்கினார்கள். அதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

முடிந்து எழுந்தேன். கால் மரத்துப்போய் உடம்பு சாய, இரண்டு கைகளையும் தளத்தில் ஊன்றிவிட்டேன். உள்ளங்கால் தவிர எது மண்ணில் பட்டாலும் தோல்வி என்பது சுமோ விதி. மல்லர்கள் உண்ணும் சாங்கோ குழம்பில் கோழிக்கு மதிப்பு அதிகம். நாலு காலில் நிற்கிற மாடு, பன்றி போலில்லாமல் அது இரண்டு காலில் நிற்கிறதே என்று. அந்தக் கணக்கில் அன்றைக்குக் கோழி என்னைவிடத் தேவலை.

பக்கத்துச் சாங்கோ கடையில் பெரிய சட்டியைத் தனியாளாகக் காலி செய்தேன். மல்லர்கள் பயிற்சி முடிந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். உடம்பு வைப்பது அப்படித்தான். முதல் பாதியை விட்டுவிட்டு மற்றதை ஒழுங்காகப் பின்பற்றினேன். சோபு லைனில் நான் இறங்க வேண்டியது இரண்டாவது ஸ்டேஷனான அகிஹபாராவில். விழித்தது கடைசி ஸ்டேஷனான மிதாகாவில்.