வைஃபைக்கு ஊர் பேர் வைக்கலாமா?
(ராஜகுளம் வாசகர்களின் கேள்விகளுக்கு மட்டும் இந்த வாரப் பக்கம்)

● கரண்ட் போய் வந்தாலே கடை பிரின்டர் 'ஆஃப்லைன்' என்கிறது. பிரின்டர் நன்றாகத்தான் இருக்கிறது. என்ன கோளாறு?
– ஜெராக்ஸ் கடைக்காரர்

பிரின்டர் அங்கேயேதான் இருக்கிறது. அதன் விலாசம்தான் மாறிவிட்டது. ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பதுபோல ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அது பட்டா இல்லை, வாடகை. கரண்ட் வந்ததும் வேறு எண் கிடைக்கலாம். உங்கள் கம்ப்யூட்டரோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். பிரின்டரை நீக்கிவிட்டு, எண்ணை வைத்துச் சேர்க்காமல், பெயரை வைத்துச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ரூட்டர் செட்டிங்கில் அதற்கென்று ஒரே எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

● பெயரைச் சொன்னால் பிரின்டருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் சர்வர் எதுவும் கிடையாதே?
– கல்லூரி மாணவி

வேண்டியதே இல்லை. அதுதான் இதில் அழகு. உங்கள் போன் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, "இந்தப் பெயர் யாருக்கு?" என்று ஒரு கேள்வியை அனுப்பும். கேள்வி வீட்டிலுள்ள எல்லாக் கருவிக்கும் போகும். பெயருக்கு உரியது மட்டும் பதில் சொல்லும். மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் என்பது இதுதான். ஆப்பிள் 2002-இல் தன் கம்ப்யூட்டர்களில் கொண்டுவந்தது. ஸ்டுவர்ட் செஷயர், மார்க் க்ராக்மல் இருவரும் எழுதிய விதிமுறை 2013 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6762 என்று வெளியானது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நாகரிகம். புதிதாக வரும் கருவி, தான் வைத்துக்கொள்ள நினைக்கும் பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கால் நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்கும். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்தால், பின்னால் '2' சேர்த்துக்கொண்டு ஒதுங்கிவிடும். பட்டப்பெயருக்குச் சண்டை போடுகிறவர்கள் கவனிக்க!

● மாடியில் இன்னொரு ரூட்டர் போட்டோம். கீழே இருக்கும் டிவி மாடிப் போனுக்குத் தெரியவில்லை.
– இல்லத்தரசி

'இந்தப் பெயர் யாருக்கு?' என்று போன் அனுப்பும் கேள்வி ரூட்டரைத் தாண்டாது. மாடி ரூட்டர் தனி நெட்வொர்க் நடத்துகிறது. ஒரே வீடு, இரண்டு குடித்தனம். அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுங்கள், டிவி தெரியும்.

● என் போனில் பக்கத்து வீட்டு டிவி பெயர் வருகிறதே, எப்படி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

டிவி அவருடையது, வைஃபை உங்களுடையது. பெரும்பாலும் அதுதான் காரணம். பாஸ்வேர்டை மாற்றுங்கள் ஐயா. அவருக்குக் கொடுக்க விருப்பமிருந்தால் 'கெஸ்ட்' வைஃபையைத் திறந்துவிடுங்கள். இன்டர்நெட் கிடைக்கும், உங்கள் பிரின்டரும் கேமராவும் கண்ணில் படாது.

● வைஃபைக்குத் தமிழில் ஊர் பேர் வைக்கலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவன்

தாராளமாக வைக்கலாம் தம்பி, அளவு பார்த்து வை. வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக 3 பைட் எடுக்கும். 'ராஜகுளம்' 24 பைட். அது போக மீதி இடமும் உண்டு. 'உத்திரமேரூர்' 36, உள்ளே போகாது. 'காஞ்சிபுரம்' 33, ஒரே ஒரு பைட்டில் கோட்டை விட்டது! அந்த இரண்டு பெயரும் தோற்ற இடத்தில் உன் ஊர் ஜெயித்திருக்கிறது. சில பழைய கருவிகளில் மட்டும் எழுத்து குழம்பித் தெரியலாம். பிரின்டருக்கு இன்னும் தாராளம்: பட்டியலில் காட்டும் பெயருக்கு 63 பைட். 'கடை பிரின்டர்' 37-இல் முடிந்துவிடும்.

● வீட்டு நெட்வொர்க்குக்கு 'டாட் ஹோம்' என்று முடியும் பெயர் வைத்திருக்கிறேன். சரியா?
– கேபிள் ஆபரேட்டர்

வேண்டாம். அது யாருக்கும் ஒதுக்கப்படாத பெயர். தேடல் வீட்டைத் தாண்டி உலக சர்வர்கள் வரை போய்த் தட்டும். வீடுகளுக்கென்றே 2018 மே மாதம் ஒதுக்கியது 'ஹோம் டாட் ஆர்பா'. அதை வையுங்கள்.

● போனுக்கு என் முழுப்பெயரையே வைத்திருக்கிறேன். தப்பா?
– நர்ஸ்

வீட்டுக்குள் தப்பில்லை. ஆனால் லாட்ஜ், ரயில் நிலையம் என்று எந்தப் பொது வைஃபையில் சேர்ந்தாலும் போனும் லேப்டாப்பும் அந்தப் பெயரை அங்கே இருப்பவர்களுக்கும் சொல்லிவிடக்கூடும். ஹாட்ஸ்பாட் போட்டால் பஸ் முழுக்கத் தெரியும். ஒரு பெண்ணின் பெயர் முகம் தெரியாதவர் போனில் எதற்கு வர வேண்டும்? செட்டிங்கில் 'அபவுட்' பகுதிக்குப் போய், ஒரு பூவின் பெயரோ மரத்தின் பெயரோ வைத்துவிடுங்கள் சகோதரி. வீட்டிலுள்ள பெண் பிள்ளைகளின் போனிலும் இன்றைக்கே மாற்றிக்கொடுங்கள்.