ரிலாக்ஸ் சார்

காடாம்புலியூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "ரிலாக்ஸ் சார்" என்று கேட்டுப் பாருங்கள். "இப்பத்தான் பைக்ல பறந்தாரு" என்று பதில் வரும். எப்போது கேட்டாலும் அவர் இப்போதுதான் பறந்திருப்பார்.

இவர் ஏதோ ஒரே ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். பண்ருட்டி முந்திரிக் கம்பெனி, கடலூர் தாலுகா ஆபீஸ், சென்னை ஐ.டி. கம்பெனி என்று நாலு பேருக்குச் சம்பளம் போடுகிற இடமெல்லாம் இவர் உண்டு. நம்மூர் பதிப்பு, நெய்வேலிப் பக்கம் வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்டிராக்ட் ஆபீஸின் மேனேஜர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் இரண்டு செல்போன், இரண்டுக்கும் நடுவில் ஒரு பி.பி. மாத்திரை அட்டை. வாயில் ஒரே மந்திரம்: "டென்ஷன் ஆகாதீங்கப்பா, ரிலாக்ஸ்!" இதைச் சொல்லும்போது அவருடைய நெற்றி நரம்பு புடைத்து நிற்கும்.

அவருடைய மனநலத் தொண்டு விடியற்காலை நாலரை மணிக்கே தொடங்கிவிடும். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் புத்தர் படம் வந்து விழும். கீழே, "அமைதியே ஆனந்தம். இனிய காலை வணக்கம்." இரண்டு நிமிடம் கழித்து, "நேத்து ரிப்போர்ட் எங்கே?" அடுத்து ஒரு கேள்விக்குறி. அதற்கடுத்து மூன்று கேள்விக்குறி. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் கண்ணை மூடியவன், பத்து மணிக்கு எழுந்து பார்த்தால் புத்தருக்குக் கீழே தன் பெயர் நாலு தடவை இருக்கும். அவன் அன்றைக்கு மறுபடி தூங்குவதில்லை.

அக்டோபர் 10 வந்துவிட்டால் சாரைப் பிடிக்க முடியாது. அன்று உலக மனநல நாள். 1992-இல் இருந்து கொண்டாடப்படுகிறது. 2024-இல் அதற்குக் கிடைத்த கருப்பொருளே பணியிட மனநலம்தான். விடுவாரா? "மன அழுத்தத்தை வெல்வது எப்படி?" என்று கருத்தரங்கம் வைத்தார். எல்லோரும் ஒன்றாகக் கிடைக்கிற நாள் வேண்டுமே, அதற்காக வாராந்திர லீவு நாளைத் தேர்ந்தெடுத்தார். வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம் கட் என்று குரூப்பில் ஒரு பூங்கொத்துப் படத்தோடு அறிவித்தார். மண்டபம் நிறைந்துவிட்டது.

சார் புள்ளிவிவரப் புலி. "மனச்சோர்வாலயும் பதற்றத்தாலயும் உலகத்துல வருஷத்துக்கு 1200 கோடி வேலை நாள் வீணாப் போகுதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது" என்றார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நம் கஷ்டம் ஜெனீவா வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று பின்வரிசையில் ஒருவர் கண்கலங்கினார். "அந்த 1200 கோடியில நம்ம ஆபீஸ் பங்கு எவ்வளவுன்னு இப்பப் பாப்போமா?" என்று கேட்டபடி சார் அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பிரித்தார். அடுத்த முக்கால் மணி நேரம் யார் யார் எப்போது லீவு எடுத்தார்கள் என்பதைத் தேதிவாரியாக வாசித்தார்.

பிறகு மூச்சுப் பயிற்சி. "கண்ணை மூடுங்க. மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க..." என்றவரின் செல்போன் அடித்தது. மேலிடம். "சொல்லுங்க சார், இதோ சார், முடிஞ்சிடும் சார்" என்று முதுகை வளைத்தபடியே வெளியே போனார். பிடித்த மூச்சை விடச் சொல்ல ஆள் இல்லை.

லீவு கேட்கப் போனால்தான் சாரின் முழு உருவம் தெரியும். ஒரு பையன் போய் நின்றான்.

"மனசு சரியில்ல சார். ஒரு மாசமா தூக்கமே வரல. ரெண்டு நாள் லீவு வேணும்."

"காய்ச்சலா?"

"இல்ல சார்."

"அடிகிடி பட்டுதா?"

"இல்ல சார். மனசுதான்..."

"எனக்கும்தாம்ப்பா பத்து வருஷமா தூக்கமில்ல. நான் லீவு கேட்டேனா? ரிலாக்ஸா போய் வேலையைப் பாரு."

பையன் விவரமானவன். அடுத்த வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனான். "வயித்தால போகுது சார்." இரண்டு நாள் உடனே சாங்ஷன், கூடவே ஒரு எலக்ட்ரால் பாக்கெட்டும். விஷயம் பரவிவிட்டது. அன்றிலிருந்து கடன்காரன் நெருக்கினாலும், வீட்டில் சண்டை என்றாலும், வேலையை நினைத்து நெஞ்சு படபடத்தாலும் எல்லோருக்கும் வயிறுதான் கெடும். பலாப்பழ சீசனில் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ரெஜிஸ்டரை ஒரு டாக்டர் புரட்டினால், காடாம்புலியூர் தண்ணீரில்தான் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடுவார். மருத்துவத்தில் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் பேதம் பார்க்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. லீவு ரெஜிஸ்டர் வரைக்கும் அந்தக் கொள்கை இன்னும் வந்து சேரவில்லை.

ஆனால் சாரைக் குறை சொல்ல முடியாது. செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-ஐப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார். மறு வாரம் ஓவர்டைம் பட்டியலை மாட்ட ஆணி தேடினார். அந்தச் சுவரில்தான் ஆணி இருந்தது. பட்டியல் கடைசி இரண்டு எண்களை மறைத்துவிட்டது. இப்போது உள்ளே நுழைகிற புது ஆள், "என்னண்ணா, ஆபீசுக்குள்ளயே 144 போட்டிருக்காங்க?" என்று பயந்து போய்க் கேட்கிறான்.

டீக்கடை பெஞ்சில் தினமும் உட்காரும் ஒரு பெரியவர் சுரங்கத்தில் பம்ப் பார்த்து ரிட்டையர் ஆனவர். ரிலாக்ஸ் சாரின் கதைகளைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்:

"தம்பி, நெய்வேலி நிலக்கரிக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா? தண்ணி. சும்மா தேங்கி நிக்கிற தண்ணி இல்ல, மேல எகிறத் துடிக்கிற தண்ணி. அதை அப்படியே விட்டுட்டுத் தோண்டினா, அடித்தரை வெடிச்சு சுரங்கமே மூழ்கிடும். அதனால சுத்தி ஆழ்குழாய் இறக்கி, ராப்பகலா இறைச்சு, பிரஷரைக் குறைச்சுக்கிட்டேதான் வெட்டுறோம். 1961-ல மொதமொதல்ல நிலக்கரி கண்ணுல பட்டதுலேருந்து பம்ப் நின்னதில்ல. பூமிக்கே பிரஷரைக் குறைச்சப்புறம்தான் வேலை வாங்குறோம். மனுஷனை மட்டும் 'பொங்காதே'ன்னு பிரசங்கம் பண்ணி வேலை வாங்கப் பாக்கிறாரு உங்க சாரு."

பெரியவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. தொழிலாளிக்கு மனதை அடக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வேலைப் பளு, நேரம், நடத்தப்படும் விதம் இவற்றை முதலில் சரி செய்யுங்கள் என்கிறது. மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றும் தனியாக எழுதி வைத்திருக்கிறது. ரிலாக்ஸ் சார் அந்த வரியைப் படித்தால், "பார்த்தீங்களா, நான்தான் பயிற்சி கொடுக்கிறேனே" என்பார்.

உள்ளதைச் சொன்னால், அந்த ஆபீஸிலேயே அதிகம் அவதிப்படுகிற ஜீவன் அவர்தான். தூக்கத்திலும் "ஓகே சார், ஓகே சார்" என்று அனத்துவதாக வீட்டம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அவருக்கும் மேலே ஒரு ரிலாக்ஸ் சார் இருக்கிறார். அந்த மேல் சாரிடமிருந்து நாலு மணி இருபத்தெட்டுக்கு வருகிற புத்தர்தான் நாலரைக்கு நம் குரூப்பில் இறங்குகிறார். கேள்விக்குறிகளும் அதே வழியில்தான் வருகின்றன.

ஆகவே, இதைப் படிக்கிற ரிலாக்ஸ் சார்களுக்கும் மேடம்களுக்கும் ஒரு விண்ணப்பம். கருத்தரங்கம் வேண்டாம். ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்னதாகப் போடுங்கள். வேலை நேரம் முடிந்தவனுக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். 'மனசு சரியில்லை' என்று வருகிறவனிடம் வயிறு எப்படி என்று கேட்காமல் கையெழுத்துப் போடுங்கள். சுவரில் அந்த ஓவர்டைம் பட்டியலுக்கு வேறு ஆணி அடியுங்கள். 14416 இருபத்து நாலு மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. தூக்கம் வராத மேனேஜர்களும் கூப்பிடலாம்.